அங்கக வேளாண்மைக்கு மாறும் ஆண்டுகளில் அரசு உதவி எந்த வடிவில், எப்போது வர வேண்டும்?

கேள்வி: உழவர் குழு ஒருங்கிணைப்பாளர்

வணக்கம். சிறு, குறு உழவர்கள் சேர்ந்து நடத்தும் குழு ஒன்றின் கணக்கு வழக்குகளையும் கடிதப் போக்குவரத்தையும் கவனித்து வருகிறேன். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாத அங்கக வேளாண்மைக்கு மாறுவோருக்கான உதவித் திட்டம் ஒன்றைத் திருத்தி எழுத இருப்பதாகவும், உழவர் குழுக்கள் தங்கள் கருத்தை எழுத்தில் தரலாம் என்றும் எங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது. உதவித்தொகையை உயர்த்துங்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்புவது எளிது. அப்படி எழுதினால் அது நூறு மனுக்களோடு நூற்றொன்றாகக் கோப்பில் உறங்கும். எந்த வடிவில், எந்த நேரத்தில், எத்தனை ஆண்டுகளுக்கு உதவி வந்தால் ஓர் உழவர் பாதியில் திரும்பாமல் மாறி முடிப்பார் என்பதைக் காரணத்தோடு எழுத விரும்புகிறேன்.

எங்கள் குழுவில் முதல் ஆண்டு ஆர்வத்தோடு சேர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். அவர்களில் யாருக்கும் இயற்கை முறைமீது நம்பிக்கை போய்விடவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம். ஒருவர் தம் வரவு செலவுக் குறிப்பேட்டைக் கூட்டத்துக்கே கொண்டுவந்து விரித்துக் காட்டினார். உரச் செலவுக்கான பத்தி ஏறக்குறைய காலியாக இருந்தது. அதற்கு அடுத்த பத்தியில் களையெடுப்புக் கூலி ஒரே பருவத்தில் நான்கு முறை எழுதப்பட்டிருந்தது. நான்காவது வரிக்கு எதிரே "கடன்" என்று குறித்திருந்தார். விற்பனைப் பத்தியில் சந்தையின் பொது விலைதான் இருந்தது, ஏனென்றால் அங்ககப் பொருள் என்று விற்பதற்கான சான்று இன்னும் கைக்கு வரவில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். அவர் கணக்குப் பார்த்துவிட்டார், அதனால் திரும்பிவிட்டார்.

பணமாகத் தருவது நல்லதா, இடுபொருளாகத் தருவது நல்லதா, சான்றுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டாலே போதுமா என்பது என் முதல் ஐயம். உதவி நின்ற பிறகு உழவர் தொடர்ந்து இந்த முறையிலேயே இருப்பதற்கு எது வழி என்பது அதைவிடப் பெரிய ஐயம். பிற நாடுகளிலும் மாநிலங்களிலும் நடந்தவற்றை அறிந்தவர்கள், சொந்த நிலத்தில் மாறிப் பார்த்தவர்கள், இருதரப்பினரும் எழுதினால் மனு வலுப்பெறும்.

மறுமொழி: முன்னாள் சான்று ஆய்வாளர்

வணக்கம். சான்று நிறுவனம் ஒன்றின் சார்பில் பல ஆண்டுகள் பண்ணைகளை ஆய்வு செய்தவன் என்ற முறையில், அந்தக் குறிப்பேட்டில் நீங்கள் பார்த்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்கிறேன். மனுவின் முதல் பத்தியே அதுவாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தடை செய்யப்பட்ட இடுபொருள்களை நிறுத்திய நாளிலிருந்து, விளைபொருளை "அங்ககம்" என்று விற்கும் நாள் வரையுள்ள காலத்தை மாறுதல் காலம் என்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளிலும், 2001 முதல் நடைமுறையில் உள்ள இந்தியாவின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்திலும், ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகள், பல்லாண்டுப் பயிர்களுக்கு அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள் என்பது பொதுவான கணக்கு. அமெரிக்காவில் பயிர் எதுவானாலும் அறுவடைக்கு முன் 36 மாதங்கள் தடை செய்யப்பட்ட பொருள் எதுவும் நிலத்தில் விழுந்திருக்கக் கூடாது. ஆக, உழவர் அங்கக முறையின் எல்லாச் செலவையும் முதல் நாளிலிருந்தே ஏற்கிறார். அங்கக விலை மட்டும் 2 அல்லது 3 ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது.

விளைச்சலும் அதே ஆண்டுகளில்தான் சரிகிறது. பல நாட்டு ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள், அங்கக விளைச்சல் சராசரியாக ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு என்ற அளவில் வந்து நிற்கின்றன. பயறு வகைகளிலும் பல்லாண்டுப் பயிர்களிலும் இடைவெளி சிறியது, தானியங்களில் பெரியது. மாறுதல் ஆண்டுகளில் இந்தச் சரிவு சராசரியைத் தாண்டக்கூடும் என்பதற்குக் காரணம் மண்ணில் இருக்கிறது. ரசாயன உரத்தின் தழைச்சத்து உடனே கரைந்து வேருக்குக் கிடைக்கும். தொழுவுரத்திலும் பசுந்தாள் உரத்திலும் உள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் சிதைத்துக் கொடுத்தால்தான் வேர் எடுத்துக்கொள்ள முடியும். அந்த நுண்ணுயிர்க் கூட்டம் பெருகி, மட்கு சேர்ந்து, பயிருக்கு வேண்டிய வேகத்தில் சத்து வெளிவருவதற்கு ஒரு பருவம் போதாது. இது உழவரின் குறையும் அன்று, முறையின் தோல்வியும் அன்று. மண் எடுத்துக்கொள்ளும் காலம்.

இதை ஏற்றுக்கொண்ட திட்டங்கள், மாறும் ஆண்டுகளுக்கு ஒரு வீதமும் மாறிய பிறகு தொடர்வதற்கு வேறொரு வீதமும் வைத்து, நிலப்பரப்பின் அடிப்படையில் பணம் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வேளாண் கொள்கையில் இந்த இரண்டும் தனித்தனியே உள்ளன. பெரும்பாலான நாடுகளில் மாறுதல் காலத் தொகை கூடுதலாக இருக்கிறது. ஒப்பந்தக் காலம் பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகள். மாறுதல் முடிந்த மறுநாளே உதவி அறுந்துபோவதில்லை என்பதுதான் இதில் நாம் கற்க வேண்டியது.

பணம் செலவாகாத உதவிகள் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். முதலாவது, இடைக்கால அடையாளம். ஐரோப்பிய விதிகளில் 12 மாதங்கள் கடந்த பிறகு, ஒரே பயிரிலிருந்து வந்த விளைபொருளை "மாறுதல் காலப் பொருள்" என்று சொல்லி விற்கலாம். உழவர்களே ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் இந்தியாவின் பங்கேற்பு உத்தரவாத முறையிலும் (பிஜிஎஸ்) மாறுதல் காலத்துக்கென "பிஜிஎஸ்-கிரீன்" முத்திரை உண்டு. இரண்டாவது, பல ஆண்டுகள் ரசாயனம் படாத தரிசு நிலத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும், உரிய சான்றாவணம் இருந்தால், கடந்த காலத்தையும் மாறுதல் காலத்தோடு கணக்கில் சேர்ப்பது. ஐரோப்பிய விதிகள் இதை அனுமதிக்கின்றன. உங்கள் உறுப்பினர்களிடம் அப்படிப்பட்ட நிலம் இருந்தால், முதலில் அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

சான்றுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டாலே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. கட்டணம் கண்ணுக்குத் தெரியும் செலவு. கண்ணுக்குத் தெரியாதது பதிவேடு எழுதும் நேரம். ஒரு பண்ணையில் ஆய்வு தொடங்கும்போது நான் வயலுக்குப் போவதில்லை, சாமான் வைக்கும் அறைக்குத்தான் முதலில் போவேன். சுவரோரம் கைத்தெளிப்பான் ஒன்று தொங்கும். அது யாருடையது, பக்கத்து வயல்காரரும் எடுத்துச் செல்வாரா, எடுத்துச் சென்றால் திரும்பும்போது கழுவிய குறிப்பு எங்கே என்று கேட்பேன். நேர்மையான உழவர்கள் பலர் அந்த இடத்தில்தான் திகைத்து நிற்பார்கள். அவர்கள் தவறு செய்தவர்கள் அல்லர். எழுதி வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எழுதி வைக்கும் நேரத்துக்கு யாரும் ஒரு காசு கணக்கிடவும் இல்லை.

மறுமொழி: மாறி முடித்த உழவர்

ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு வணக்கம். ஆய்வாளர் ஐயா சொன்ன இடைவெளியை உடலால் கடந்தவன் நான். உதவி பெற்றவன் என்ற நன்றியோடுதான் எழுதுகிறேன், ஆனால் எது உதவியது, எது உதவவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு முதல் ஆண்டு உதவி இடுபொருளாக வந்தது. உயிர் உரப் புட்டிகளும் பூச்சிவிரட்டிக் கலன்களும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. விதை நேர்த்திக்குப் பயன்பட வேண்டிய உயிர் உரம், நான் விதைத்து நாற்பது நாள் கழித்து வந்தது. உயிர் உரம் என்பது பெயரிலேயே உள்ளபடி உயிருள்ள பொருள். வெயிலில் கிடந்தால் செத்துப் போகும், காலாவதி தேதியும் நெருங்கியிருந்தது. அந்தப் பெட்டிகள் வந்த தொகைக்குப் பணமாகக் கிடைத்திருந்தால் நான் இரண்டு களையெடுப்புக்குக் கூலி கொடுத்திருப்பேன். களை முந்திக்கொண்டதால் போன விளைச்சல்தான் அந்த ஆண்டு எனக்கு வந்த பெரிய இழப்பு.

அங்கக வேளாண்மைக்காக இந்தியாவில் 2015-16ஆம் ஆண்டில் தொடங்கிய பரம்பரகத் கிரிஷி விகாஸ் யோஜனா என்ற நடுவண் அரசுத் திட்டத்தின் பங்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தப்பட்ட வழிகாட்டுதலின்படி ஹெக்டேருக்கு 3 ஆண்டுகளுக்குச் சேர்த்து 31,500 ரூபாய். அதில் 15,000 ரூபாய் இடுபொருளுக்காக உழவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. மீதி பயிற்சிக்கும், சான்றுக்கும், விளைபொருளில் மருந்து எச்சம் உண்டா என்ற ஆய்வுக்கும், சந்தைப்படுத்தலுக்கும் போகிறது. பெட்டியாக வராமல் பணமாக வருவது பெரிய முன்னேற்றம். அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் 15,000 ரூபாயை 3 ஆண்டுக்கும் இரண்டரை ஏக்கருக்கும் வகுத்துப் பாருங்கள், ஓர் ஏக்கருக்கு ஓராண்டுக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய் வரும். அது இடுபொருள் செலவுக்கான கைத்தாங்கலாக இருக்கலாம். குறைந்துபோன விளைச்சலுக்கு ஈடு ஆகாது. இரண்டும் வெவ்வேறு கணக்கு என்பதை உங்கள் மனு தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

எந்த நேரத்தில் வர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஓர் உழவர் திரும்பிப் போவது எந்தக் கூட்டத்திலும் முடிவாவதில்லை. இரண்டாம் ஆண்டு, நட்டு மூன்று நான்கு வாரம் ஆன ஒரு காலையில் அது முடிவாகிறது. வரப்பில் நின்று பார்க்கிறோம். இந்தப் பக்கம் நம் பயிர் வெளிறி, அடி இலை மஞ்சளாகி நிற்கிறது. அந்தப் பக்கம் யூரியா போட்ட வயல் கரும்பச்சையாக நிற்கிறது. ஒரு மூட்டை வாங்கி வீசினால் ஐந்தாறு நாளில் நம் வயலும் அப்படி ஆகிவிடும் என்பது நமக்குத் தெரியும். அந்தக் காலையில் கையில் கொஞ்சம் பணமும், "பொறுங்கள், கடலைப் பிண்ணாக்கு ஊறல் விட்டு ஒரு வாரம் பாருங்கள், எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்ல ஒரு மனிதரும் இருந்தால் நாம் தாண்டிவிடுவோம். எனக்கு அப்படி ஒருவர் இருந்தார், மூத்த அங்கக உழவர். அவர் வந்து என் வயலில் ஒரு செடியைப் பிடுங்கி, வேரை நீரில் அலசி, புதிதாக வெடித்திருந்த வெள்ளை வேர்களைக் காட்டினார். மேலே மஞ்சளாக இருந்தாலும் கீழே வேர் ஓடத் தொடங்கிவிட்டது என்று அவர் சொன்னதை நம்பி நின்றேன்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஊதியம் கொடுப்பதையும் அரசு உதவியாகக் கருத வேண்டும். ஆந்திராவில் 2016 முதல் நடந்துவரும் இயற்கை வேளாண் திட்டத்தில், தாங்களே மாறிக்காட்டிய உழவர்களைத் தேர்ந்தெடுத்து, ஊதியம் கொடுத்து, மற்றவர்களுக்கு வழிகாட்டவைக்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக அந்தப் பணி வீடு வீடாகப் போகிறது. அமெரிக்க வேளாண் துறை 2022இல் 30 கோடி டாலரில் அறிவித்த அங்கக மாறுதல் முயற்சியிலும், அனுபவமுள்ள உழவரைப் புதிதாக மாறும் உழவரோடு இணைப்பது முக்கியப் பகுதியாக இருந்தது. பயிற்சி என்றால் ஒரு நாள் மண்டபத்தில் உட்காரவைத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது என்ற வழக்கம் மாறினால், பயிற்சிக்கு ஒதுக்கும் அதே பணத்தில் இது முடியும்.

கால்நடையைப் பற்றி ஒரு வார்த்தை. தொழுவுரம் இல்லாத நிலம் மாறுவது மிகக் கடினம். மாடு வாங்கக் கடன் ஒரு துறையில், அங்கக உதவி வேறொரு துறையில் என்று பிரிந்து கிடப்பதால், உரத்துக்கு வழியில்லாதவரை அங்ககத்தில் சேர்த்துவிட்டு, பிறகு உரம் வாங்கப் பணம் தேட வைக்கிறோம்.

மறுமொழி: வேளாண் பொருளியல் ஆசிரியர்

மேலே எழுதிய இருவரோடும் உடன்படுகிறேன். ஆனால் இருவரும் விளைபொருள் விற்கும் பக்கத்தை அதிகம் தொடவில்லை. உதவி நின்ற பிறகும் உழவர் நிலைப்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

பிரிட்டனில் 1999இல் மாறுதல் உதவித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. விண்ணப்பங்கள் குவிந்து, நிதி சில மாதங்களிலேயே தீர்ந்துபோனது. அந்த அலையில் மாறிய பால் பண்ணைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மாறுதல் காலத்தை முடித்து, 2001ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்தபோது, அங்ககப் பால் தேவைக்கு மேல் பெருகியது. அதில் ஒரு பகுதி சாதாரணப் பாலாகவே விற்கப்பட்டது. உற்பத்தியைத் தூண்டும் பணம் மட்டும் வந்து, வாங்கும் ஏற்பாடு உடன் வராவிட்டால், உழவர் தம் கடமையைச் சரியாக முடித்த அன்றே தண்டிக்கப்படுகிறார்.

டென்மார்க் இரண்டையும் சேர்த்து நடத்தியது. 1987இலேயே அங்கக வேளாண்மைக்குத் தனிச் சட்டம் இயற்றி, அதன்பின் அரசின் சிவப்பு முத்திரையை அறிமுகப்படுத்தி, பண்ணை ஆய்வை அரசே தன் செலவில் நடத்தியது. சான்றுக்காக உழவர் தனியாரிடம் கட்டணம் கட்டி வரிசையில் நிற்கும் நிலை அங்கே எழவில்லை. பின்னாளில் பொதுச் சமையற்கூடங்களை நோக்கித் திரும்பினார்கள். கோபன்ஹேகன் நகரம், தன் பள்ளிகள், முதியோர் இல்லங்கள் போன்றவற்றின் சமையலில் 90 சதவீதத்தை அங்ககமாக்க இலக்கு வைத்து, ஏறக்குறைய அதை எட்டியது. சமையல் செய்வோருக்குப் பயிற்சி கொடுத்து, வீணாவதைக் குறைத்து, பருவத்தில் கிடைப்பதைச் சமைக்கப் பழக்கியதால், உணவுச் செலவைப் பெரிதாக உயர்த்தாமலே அதைச் செய்ய முடிந்தது. பிரேசிலில் 2009ஆம் ஆண்டின் பள்ளி உணவுச் சட்டம், கூட்டரசு தரும் உணவு நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப உழவர்களிடமிருந்து வாங்குவதற்குச் செலவிட வேண்டும் என்றது. அங்ககப் பொருளுக்கு 30 சதவீதம் வரை கூடுதல் விலை தரவும் அங்கே இடம் உண்டு. உங்கள் மனுவில் ஒரே ஒரு கோரிக்கைக்குத்தான் இடம் என்றால், நான் தொகையை உயர்த்தக் கேட்க மாட்டேன். மாறுதல் காலப் பொருளை அரசு விடுதிகளும் மருத்துவமனைகளும் முன்கூட்டியே விலை பேசி வாங்க வேண்டும் என்று கேட்பேன்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிக்கிம் 2003இல் சட்டமன்றத் தீர்மானத்தோடு தொடங்கி, ரசாயன உரத்துக்கான மானியத்தை ஆண்டுக்கு 10 சதவீதம் என்று படிப்படியாகக் குறைத்து, 2010இல் தனி இயக்கம் அமைத்து, ஏறத்தாழ 75,000 ஹெக்டேரைச் சான்றுக்குள் கொண்டுவந்து, 2016 ஜனவரியில் முழு அங்கக மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 13 ஆண்டுகள். முன்பே ரசாயனப் பயன்பாடு குறைவாக இருந்த மலை மாநிலத்துக்கே அத்தனை ஆண்டுகள் பிடித்தன. இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையில் நிறுத்தப்பட்டது. தொழுவுரமும் மட்கும் போதிய அளவில் இல்லை, பயிற்சி இல்லை, இழப்பீட்டுக்கு முன்கூட்டிய ஏற்பாடு இல்லை. நெல்லும் தேயிலையும் அடிபட்டு, அதே ஆண்டு நவம்பரில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் அங்கக வேளாண்மையை எதிர்ப்பவர்கள் இன்று முதலில் எடுத்துக்காட்டுவது அதைத்தான். அங்கே தோற்றது மாறுதல் காலமே இல்லாமல் மாறச் சொன்ன ஆணை.

இழப்பீட்டைக் கணக்கிடும் முறை குறித்து அதிகாரிகள் தயங்கினால், அதற்கும் விடை உண்டு. உலக வணிக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம், சுற்றுச்சூழல் திட்டங்களின் கீழ் தரப்படும் தொகை, திட்டத்துக்கு இணங்குவதால் ஏற்படும் கூடுதல் செலவு அல்லது வருமான இழப்பு என்ற வரம்புக்குள் இருந்தால் அதை ஏற்கிறது. ஐரோப்பிய நாடுகள் தங்கள் வீதத்தைக் கணக்கிடுவதும் அந்த அடிப்படையில்தான். ஆகவே, களையெடுப்புக் கூலி எவ்வளவு கூடியது, விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்று உங்கள் உறுப்பினர்களின் குறிப்பேடுகளிலிருந்து எடுத்துக் காட்டினால், அது மன்றாடலாக இருக்காது, கணக்காக இருக்கும். கூட்டத்தில் விரித்துக் காட்டிய அந்தக் குறிப்பேட்டைப் படியெடுத்து மனுவோடு இணையுங்கள்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்பேட்டைப் படியெடுக்க அவரிடம் இசைவு கேட்டேன், உடனே தந்துவிட்டார். மற்றவர்களிடமும் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். தொகுக்கும்போது இரண்டு சிக்கல்கள் கண்ணில் பட்டன. உறுப்பினர்களில் பலர் குத்தகைக்கு உழுபவர்கள்; திட்டமோ நில உரிமை ஆவணத்தைக் கேட்கிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழுச் சான்று வாங்கலாம் என்றால், ஒருவர் செய்யும் தவறுக்கு எல்லோரும் சான்றை இழக்க நேருமோ என்று உறுப்பினர்கள் அஞ்சுகிறார்கள். இவற்றை எப்படி எழுதுவது?

மறுமொழி: குத்தகை நிலத்தில் உழுபவர்

குத்தகையைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நானும் என் கணவரும் மூன்று ஆண்டு ஒரு நிலத்தை அங்கக முறைக்குக் கொண்டுவந்தோம். முதல் ஆண்டு மண் கட்டி கட்டியாக இருந்தது. மூன்றாம் ஆண்டு மழைக்குப் பிறகு கையால் அள்ளினால் உதிரும், மண்புழு எச்சம் வரப்போரமெல்லாம் குவிந்து கிடக்கும். சான்று கிடைக்க ஒரு பருவம் இருந்தபோது உரிமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்டார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் கொடுத்துவிட்டோம். அவர்மீது எனக்குக் கோபமில்லை, அவருக்கும் ஏதோ தேவை இருந்திருக்கும். ஆனால் மாறுதல் காலம் நிலத்தோடு ஒட்டியது. நாங்கள் செய்த மூன்று ஆண்டு உழைப்பு அந்த மண்ணோடு தங்கிவிட்டது. அடுத்த நிலத்தில் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். உதவித்தொகையும் உரிமையாளரின் பெயருக்குத்தான் போனது, அதில் ஒரு பகுதியை அவர் எங்களிடம் தந்தார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

எனவே, மாறுதல் காலத்தையும் அதன்பின் இரண்டு மூன்று பருவங்களையும் உள்ளடக்கிய எழுத்துக் குத்தகை இருந்தால், உழுபவரின் கணக்குக்கே தொகை போக வேண்டும் என்று எழுதுங்கள். அப்படிக் குத்தகை எழுதித் தரும் உரிமையாளருக்கும் ஒரு சிறு ஊக்கத்தொகை இருந்தால் அவர்கள் முன்வருவார்கள். பெண்கள் பெயரில் நிலம் இருப்பது குறைவு என்பதால், உரிமை ஆவணத்தை மட்டும் கேட்கும் திட்டம், களையெடுத்து, மட்குக் குழியைக் கிளறி, விதையைக் காப்பாற்றி வைக்கும் பெண்களைத் திட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்.

மறுமொழி: முன்னாள் சான்று ஆய்வாளர்

அம்மா எழுதியதைப் படித்தபோது, நான் ஆய்வு செய்த பண்ணைகளில் உரிமையாளர் பெயரைப் படிவத்தில் எழுதிவிட்டு, பதில் சொல்ல மட்டும் உழுபவரைக் கூப்பிட்ட நாள்கள் நினைவுக்கு வந்தன. அவர் கேட்டிருப்பது நியாயமான திருத்தம்.

குழுச் சான்று பற்றி உங்கள் உறுப்பினர்களின் அச்சத்துக்கு அடிப்படை உண்டு, ஆனால் வழியும் உண்டு. இந்தியாவின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தில் 25 முதல் 500 உழவர்கள் வரை ஒரு குழுவாகச் சான்று பெறலாம்; ஐரோப்பிய விதிகள் ஒரு குழுவுக்கு 2,000 உறுப்பினர் என்று உச்சவரம்பு வைக்கின்றன. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் உறுப்பினர் எல்லோரின் வயலையும் பார்ப்பதில்லை; குழுவே நடத்தும் உள் கட்டுப்பாட்டு முறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்து, சில வயல்களை மட்டும் தேர்ந்து சோதிக்கிறார். ஓர் உறுப்பினர் தவறு செய்ததை உங்கள் உள் ஆய்வாளரே கண்டுபிடித்து, எழுதி, அவருடைய விளைச்சலைத் தனியே பிரித்து வைத்துவிட்டால், அவர் ஒருவர்தான் பாதிக்கப்படுவார். குழுவின் முறை வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்றாகவும் நிற்கும். அதே தவறை வெளி ஆய்வாளர் கண்டுபிடித்து, உங்கள் ஏட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால்தான் குழு முழுவதும் ஆட்டம் காணும்.

ஆகவே, உள் ஆய்வாளர் என்ற அந்த ஒருவரின் ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே கேள்வி. பல குழுக்களில் படித்த இளைஞர் ஒருவர் அந்த வேலையை முதல் ஆண்டு இலவசமாகச் செய்கிறார். இரண்டாம் ஆண்டு வேறு வேலை கிடைத்துப் போய்விடுகிறார். மூன்றாம் ஆண்டு ஏட்டில் பல பக்கங்கள் ஒரே நாளில், ஒரே மையில், ஒரே கையெழுத்தில் நிரப்பப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட ஏடுகளைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். உள் ஆய்வாளருக்கு, மாறுதல் காலம் முழுவதற்கும் அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மாத ஊதியம் தர வேண்டும், அது இடுபொருள் தொகையிலிருந்து பிடிக்கப்படாமல் தனித் தலைப்பில் வர வேண்டும் என்று எழுதுங்கள். பக்கத்து வயலிலிருந்து காற்றில் மருந்து வந்து படிந்தால் ஏற்படும் இழப்பையும் அதே பக்கத்தில் சேருங்கள். தடுப்புக்காக வரப்போரம் விடும் சில வரிசைகளின் விளைச்சலை அங்ககமாக விற்க முடியாது. அந்த வரிசைகளின் பரப்பை அளந்து, இழப்பீட்டுக் கணக்கில் ஏற்ற வேண்டும். வயல் சிறிதாக இருந்தால் அந்த ஓரம் நிலத்தில் கணிசமான பங்காகிவிடும் என்பதால், சிறு உழவருக்கு இது பெரிய தொகை.